‘எனக்குத்தான்’ என்று சொன்னவள்

பலாப்பழம் முடியப்போகிற நாட்களில் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசனை நிற்கும். இனிப்புதான், ஆனால் இனிப்பின் ஓரத்தில் ஏதோ ஒன்று கெடத் தொடங்கியிருக்கும். அறுத்து வைத்த சுளைகளின் மேல் ஈ மொய்க்கும். விற்கிறவர் அட்டையை வீசி வீசி விரட்டிக்கொண்டிருப்பார். எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு மட்டும் கால் நின்றுவிடுகிறது. அது எனக்குப் பழத்தின் வாசனை இல்லை. ஒரு பெண்ணின் மூச்சு.

நான் வீட்டிலிருந்தபடி சத்துப் பவுடர் விற்கிறவள். நம் வீட்டில் வறுத்து அரைக்கிற சத்துமாவு இல்லை, டப்பாவில் வெனிலா வாசனையோடும் மாம்பழ வாசனையோடும் வருகிறது. கலக்கிக் குடித்தால் எடை குறைய வேண்டியவர்களுக்குக் குறையும், கூட வேண்டியவர்களுக்குக் கூடும் என்று சொல்லித்தந்தார்கள். ஒரே டப்பா இரண்டு பக்கமும் எப்படி வேலை செய்யும் என்று பயிற்சி வகுப்பில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பதில் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த டப்பாவை ஒரு கண்ணால் பார்த்தபடியேதான் இன்னொரு கண்ணால் விற்று வருகிறேன்.

என்னை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டவர் திருச்சியில் இருக்கிறார். நாங்கள் அவரை மேடம் என்போம். அவர் சொல்லித்தந்த வித்தை ஒன்றுதான். “பவுடரைப் பத்திப் பேசாதீங்க. அவங்களுக்கு என்ன பிரச்சினைன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. வலிக்கிற எடத்தைத் தொட்டுட்டீங்கன்னா ஆர்டர் ஒங்க கையில.”

திருச்சியில் அது நடக்கும் போல. எங்கள் பக்கத்தில் யாரும் தன் உடம்பைப் பற்றித் தன் உடம்பாகப் பேசுவதில்லை. “எங்க நாத்தனாருக்கு மூட்டுவலிங்க, ஒக்காந்தா எந்திரிக்க முடியலை” என்பாள் ஒருத்தி. சொல்லும்போது அவள் கை அவளுடைய முழங்காலையே அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் ஒருத்தருக்குத் தூக்கமே வருவதில்லையாம் என்று சொல்கிறவரின் கண் சிவந்திருக்கும். நானும் அந்த நாத்தனாருக்கே யோசனை சொல்வேன், அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கே பவுடரைக் கட்டிக் கொடுப்பேன். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. இப்படித்தான் எனக்குத் தொழில் ஓடியது.

அதனால்தான், ‘எனக்குத்தான்’ என்று ஒருத்தி வாயைத் திறந்ததும் எனக்குச் சுருக்கென்றது.

ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் அவர்கள் ஊர். வீட்டுக்காரர் குவைத்தில். போன் செய்து வரச்சொன்னாள். நான் கேட்டைத் தொட்டதும் வெளியே வந்து, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு என்னை உள்ளே விட்டுக் கொண்டி போட்டாள்.

“செருப்பை அங்கிட்டு விட வேணாம், கையோட உள்ள எடுத்துட்டு வந்துருங்க.”

செருப்பை ஒளித்து வைக்கச் சொன்ன முதல் வாடிக்கையாளர்.

என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், பூசின உடம்பு. ரவிக்கையின் கை சதையில் அழுந்தித் தடம் பதித்திருந்தது. நான் என் வித்தையைத் தொடங்கினேன். என்ன பிரச்சினை அக்கா?

“எனக்குத்தாங்க. உடம்பு எளைச்சுக்கிட்டே போகுது. துணியெல்லாம் லூசாயிருச்சு. எந்நேரமும் தாகம். ராத்திரில நாலு தடவை எந்திரிச்சுப் போறேன். நடந்தா அசதி.”

மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிக்கிற வேகம். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்காகக் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு எங்கள் நடுவில் இருந்தது. எந்நேரமும் தாகம் எடுக்கிறவள் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையிலிருந்த எடை மெஷினை எடுத்து வைத்து ஏறச் சொன்னேன். தயங்கித் தயங்கி ஏறினாள். முள் எழுபதைத் தாண்டிப் போய் நின்றதும் சட்டென்று இறங்கிக்கொண்டாள்.

இவள் யார்? ஆலங்குடியில் எனக்குப் போட்டியாக இன்னொருத்தி கடை போட்டிருந்தாள். அவள் அனுப்பிய ஆளோ? நான் என்ன சொல்லி விற்கிறேன் என்று வேவு பார்க்கவோ? அல்லது மேடமே என்னைச் சோதிக்கிறாரோ? மேசைமேல் போன் கவிழ்ந்து கிடந்தது. பதிவாகிக்கொண்டிருக்குமோ? நான் கேட்ட எதற்கும் அவள் யோசிக்கவில்லை. என்ன விலை என்றும் கேட்கவில்லை. விலை கேட்காத வீட்டை எங்கள் ஊர்ப்பக்கம் நான் பார்த்ததே இல்லை.

இதற்கு நடுவில் அந்த வாசனை.

“பலாப்பழம் அறுத்திருக்கீங்களாக்கா?”

“இல்லையே. ஏன்?”

“வாசனை வருது.”

“பக்கத்து வீடா இருக்கும்” என்றாள், சட்டென்று. ஆனால் வாசனை உள்ளறைப் பக்கமிருந்து வந்தது.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபடி மேடத்துக்குப் போன் போட்டேன். “எளைச்சிருக்குன்னு அவங்களே சொல்றாங்க. வெயிட் ஏறும்னு சொல்லி டப்பாவைக் குடுத்துட்டு வாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார். எளைத்தவள் அவள் இல்லை மேடம் என்றேன். “யாரு குடிச்சா ஒங்களுக்கென்ன?” என்றார். தையல் மெஷின் ஓடுவது போலச் சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் அவளே ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகியபடி, மூச்சு வாங்க.

“நாளைக்கெல்லாம் வேணாம். இன்னைக்கே குடுத்துருங்க. அடுத்த முகூர்த்தத்துக்குள்ள உடம்பு தேறணும்.”

முகூர்த்தம் என்ற சொல் அவளை மீறி வந்துவிட்டது. உதட்டைக் கடித்தாள். நான் அவளோடு திரும்பி நடந்தேன். வீட்டுக்குள் போனதும் தையல் மெஷின்மேல் கிடந்த பட்டு ரவிக்கை கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, போதாமல் மறுபடி பிடித்திருந்தார்கள். அது அவளுடைய ஒரு கையில்கூட ஏறாது.

“யாருக்குன்னு சொன்னாத்தான் டப்பாவைத் தெறப்பேன்கா.”

“எனக்குன்னு சொல்றேன்ல?”

“இந்த ரவிக்கை ஒங்களுதா?”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருடியைப் பார்ப்பது போல இருந்தது. “நீங்க நாலு வீட்டுக்குப் போறவங்க” என்றாள். “இந்த வீட்டுக் காபியில சர்க்கரை எத்தனைங்கிறது அடுத்த வீட்டுக்கு ஒங்க வாய்வழியாத்தான் போகும்.”

“நாலு வீட்டுக்குப் போறதாலதான் பேச மாட்டேன். பேசுனா அஞ்சாவது வீட்டுல உள்ள விட மாட்டாங்க.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க.”

“சரி, நம்பாதீங்க. பவுடரும் வேணாம். நான் வாரேன்.”

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. மகள். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வந்து, எனக்கு வைத்த செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்துக் குடத்தில் மொண்டு மறுபடியும் குடித்தாள். கழுத்தெலும்பு தண்ணீரோடு ஏறி இறங்கியது. என்னைத் தாண்டிப் போகும்போது மூச்சு இரைத்தது. பலாப்பழம் பக்கத்து வீட்டில் இல்லை. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் மனித வாயிலிருந்து அந்த வாசனை வரக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“சித்திரை பொறந்ததுக்கு அப்பறம்தான்” என்றாள் மகள். “நான் தேறட்டும்னு அம்மா பேரீச்சம்பழம், வாழைப்பழம், குளுக்கோஸ் தண்ணின்னு குடுத்துக்கிட்டேதான் இருக்காங்க, சித்தி. குடிக்கக் குடிக்கத் தாகமா இருக்கு. காலையிலேருந்து ரெண்டு தடவை வாந்தி.”

தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீடு பொன்னமராவதியில், பாத்திரக்கடைக்காரர்கள். நிச்சயம் முடிந்துவிட்டது. ஆலங்குடி ஆஸ்பத்திரியில் அவளுடைய ஓரகத்தியின் தம்பி வேலை பார்க்கிறான். ரத்தப் பரிசோதனைக் கடையில் மாப்பிள்ளைக்கு ஏதோ வழியில் சொந்தக்காரன். ஆலங்குடியில் ஊசி குத்தினால் பொன்னமராவதியில் தெரிந்துவிடும் என்றாள். அதனால்தான் மகளின் நோயைத் தன் உடம்பில் எடுத்துப் போட்டுக்கொண்டு மருந்து தேடியிருக்கிறாள். எல்லோரும் தன் நோயை நாத்தனாருக்குக் கொடுக்கிற ஊரில் இவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

“புதுக்கோட்டைக்குப் போவோம்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு. இப்பவே.”

“இப்பவேன்னா, தெருவுல பாக்குறவங்களுக்கு என்ன சொல்றது?”

ஆட்டோ வந்து நின்றதும் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “எங்க, எல்லாரும் கெளம்பிட்டீங்க?”

“துணி எடுக்கத்தான்” என்றாள் தாய். “இவங்களுக்குப் புதுக்கோட்டையில கடைக்காரங்க தெரியும், கொறச்சுத் தருவாங்க.” அவள் விரல் என்னைக் காட்டியது. நான் தலையாட்டினேன். எதிர்வீட்டுக்காரி என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சீட்டில் சாய்ந்து கிடந்த பெண்ணைப் பார்த்தாள். துணி எடுக்கப் போகிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் மறுபடியும் அதையே செய்தாள். மகளின் பெயரைக் கேட்டதற்குத் தன் பெயரைச் சொன்னாள், வயதுக்குத் தன் வயதை. எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “ஏம்மா, நாப்பத்தெட்டு வயசா இந்தப் புள்ளைக்கு? எந்தக் கடையில பவுடர் வாங்குறீங்க?” பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பையில் இருந்த டப்பாக்களுக்கும் மட்டும் சிரிப்பு வரவில்லை. மகள்தான் பெஞ்சிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, தன் பெயரையும் வயதையும் சரியாகச் சொன்னாள்.

சர்க்கரை, மெஷின் காட்டும் அளவையே தாண்டிப் போயிருந்தது. உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் இன்சுலின்தான், ஊசியை விட்டுவிடாமல் போட்டுக்கொண்டால் எல்லோரையும் போல இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றும் சொன்னார். மூச்சில் வந்த வாசனைகூட அதனால்தானாம். தாய் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே வராந்தாவில் போய்வருகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். பை இல்லாமல். மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. தாய் டம்ளர் கழுவக் குழாயடிக்குப் போன இடைவெளியில் என் கையைப் பிடித்தாள்.

“சித்தி, அவருகிட்ட நானே சொல்லிட்டேன். பொன்னமராவதிக்குப் போன் போட்டு.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை. அப்பறம், சாப்பிட்டியான்னு கேட்டாரு. அம்மாகிட்ட சொல்லிராதீங்க.”

சாப்பிட்டியா என்பது ஏற்றுக்கொண்டவன் கேட்பதா, நழுவப்போகிறவன் இடைவெளியை நிரப்புவதா? கேள்விகளைக் கேட்டும், கேட்டபின் வாய்மூடி இருந்தும் பிழைக்கிறவள் நான். இந்தக் கேள்வியின் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தட்டுப்படவில்லை. அவள் முகத்தில் தேடினேன். அவள் என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

தாய் பஸ் நிறுத்தம் வரை என்னோடு வந்தாள்.

“உள்ள என்ன குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தீங்க?”

“ஊசி வலிக்குதான்னு கேட்டேன். பழகிருச்சுன்னு சொன்னா.”

“அதுக்கு அம்புட்டு நேரமா?”

நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“பொன்னமராவதிப் பக்கம் ஒங்களுக்குக் கஸ்டமர் யாரும் இருக்காங்களா?”

“இல்லைக்கா.”

“இனிமே?”

“இனிமேயும் இல்லை.”

ஆலங்குடி பஸ் வந்து நின்றது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். ஏற்றிவிடுகிற பிடியா, நிறுத்திவைக்கிற பிடியா என்று தெரியவில்லை. படியில் கால் வைத்தேன்.

“ஒங்களை ஒண்ணும் நான் சந்தேகப்படலை தங்கச்சி,” என்றாள். “ஏறுங்க, எடுக்கப் போறான்.”