மறுமுனையைப் பிடித்தவள்

பதினெட்டு வருடமாக அவள் பார்த்த வேலைக்குப் பெயரே கிடையாது. புருஷன் தச்சன்; வீட்டின் முன்பாதிதான் பட்டறை. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை மேசைமேல் கிடத்தி அவன் மெஷினை ஓட்டும்போது, வெட்டுப்பட்ட பாதி தொங்கிப்போய் பிளேடைக் கவ்வாமல் இருக்க, மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள். அடுப்பில் ஏதாவது பொங்குகிற நேரம் பார்த்துத்தான் "இந்தா, வந்து பிடி" என்று குரல் வரும்.

பலகையைப் பிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, பழியைப் பிடிப்பது. அலமாரிக் கதவுகள் நடுவில் முட்டிக்கொண்டு மேலும் கீழும் வெளிச்சம் காட்டினால், வாங்க வந்தவர் எதிரிலேயே சொல்லிவிடுவான். "நான் நேராத்தான் ஓட்டினேன் சார். பொம்பளை கை, ஆட்டிட்டா." வந்தவர் இரக்கத்தோடு சிரிப்பார். அவள் கையிலிருக்கும் மரத்தூளைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பார்த்துப் பழக்கம். மறுமுனையில் நிற்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வெட்டு நேராக வர அவன் மெஷினை ஒட்டி ஓட்டுகிற நேர்ச்சட்டத்தை நெடுகப் பார்ப்பாள். தொழில் தொடங்கிய புதிதில் அவனே அறுத்துச் செய்த சட்டம். இரண்டு ஆணியில் சுவரில் மாட்டி, யாரையும் தொடவிடமாட்டான். அதற்கு நடுவில் ஒரு நூல் அளவுக்கு வயிறு தள்ளியிருந்தது. ஒரு நூல்தானே. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய விஷயங்களையே அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் வாயைத் திறந்தாள். தெருக்கோடித் தையல் கடைக்கார அக்கா அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தாள்.

"ஏங்க, பத்து மணிக்குப் போயிட்டு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"நீ போயிட்டா பலகையை யாரு பிடிப்பா? உன் தையல்கார அக்காவா?"

"ஒரு ஸ்டாண்டு செஞ்சா பிடிக்காதா?"

அவள் ஆசைக்காக இல்லை, தன் கைக்கு ஆகாதது ஒன்று உண்டு என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல் அவன் இறங்கிவிட்டான். மேசைக்கு இரண்டு பக்கமும் இழுத்து நீட்டுகிற கைகள். தண்ணீர்க் குழாயையே உருளையாக்கி, உயரத்தை ஏற்றி இறக்குகிற தாங்கி. பலகையை நிற்க வைத்துத் தள்ளிவர ஒரு சக்கர வண்டி. மூன்று வாரம் ஆயிற்று. தன் இடத்துக்கு வரப்போகிற அந்தச் சாமான்களுக்கான பலகைகளையும் அவளேதான் மறுமுனையில் நின்று பிடித்துக்கொடுத்தாள்.

"ஒன்னாம் தேதி வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்டி. அப்புறம் வந்து மூக்கைச் சிந்தாதே" என்றாள் தையல் அக்கா.

ஸ்டாண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. "பாத்தியா? அசையுதா பாரு!" என்றான். வெட்டிய கதவுகளைச் சேர்த்துப் பார்த்தான். மேலும் கீழும் அதே வெளிச்சம். திரும்பிப் பார்த்தான், மறுமுனையில் திட்டுவதற்கு ஆள் இல்லை. "தரை சரியில்ல" என்று ஸ்டாண்டின் காலுக்கு ஆப்பு வைத்தான். மறுநாள் உருளை சரியில்லை. அதற்கும் மறுநாள் பிளைவுட் கடைக்காரனே சரியில்லை. மாதக் கடைசி நாளன்று, "என்ன இருந்தாலும் ஆள் பிடிக்கிற மாதிரி வராது. உன் கைப்பதம் இதுக்கு எங்கே வரும்? ஒரு ஆறு மாசம் கழிச்சுப் போயேன்" என்றான்.

பதினெட்டு வருடத்தில் அவள் கையை அவன் பாராட்டியது அன்றுதான். அந்தப் பாராட்டு அவள் தையல் வேலைக்கே உலை வைத்துவிடும் போலிருந்தது.

மறுநாள் காலை அவன் கீல் வாங்கப் போனதும், சட்டத்தைக் கழற்றி ஒரு பலகைமேல் வைத்து, விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு சட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே விளிம்பை அதே இரு முனைகளில் பொருத்தி இன்னொரு கோடு. நுனியில் ஒட்டிக்கொண்ட கோடுகள் நடுவில் பிரிந்து பல்லை இளித்தன. ஒரு நூல் இரண்டு நூலாகத் தெரிந்தது. அந்த இடைவெளியில் பென்சிலை வைத்துவிட்டு, சட்டத்தை ஆணியில் மாட்டிவிட்டு, பத்து மணிக்குக் கிளம்பிவிட்டாள். இதைவிட நீளமாக அவளுக்குப் பேச வராது.

அன்றைக்கு மூன்று முறை ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வந்தபோது பட்டறையில் புதுக் கதவுகள் சேர்ந்து நின்றன. ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. பென்சில் கோடுகளைத் தேய்த்து அழித்திருந்தான். மூலையில், சட்டத்தின் மர நிறத்தில் நீள நீளமாய் இழைப்புச் சுருள்கள் கூட்டித் தள்ளப்பட்டிருந்தன.

"என்னப்பா, இந்தத் தடவை இவ்வளவு கச்சிதம்?" என்றார் அலமாரி வாங்க வந்தவர்.

"ஸ்டாண்டு சார்! நாலு நாள் முரண்டு பிடிச்சுது, பழக்கிட்டேன். பதினெட்டு வருஷமா பழகாத ஆளை வச்சு எவ்வளவு மாரடிச்சிருப்பேன், பாருங்க."

வந்தவர் வழக்கம்போல அவளை இரக்கத்தோடு பார்த்தார். அவர் போன பிறகு, அவன் சட்டத்தில் இல்லாத தூசியைத் துடைத்தபடி கேட்டான்.

"நாளைக்கும் பத்து மணிக்கா?"

"ஆமாங்க."

"சரி, போ. போகும்போது அந்தச் சட்டத்தைத் தொடாமப் போ."