வாத்துத் தூவிப் பை

யுத்தம் முடிந்த மறு வருஷம், பட்டாளத்துக்காக வாங்கிக் குவித்து மிஞ்சிப்போன சாமான்களெல்லாம் மாம்பலத்துக் கடைகளில் வந்து இறங்கின. பூட்ஸ், தண்ணீர்க் குப்பி, கொசுவலை, கூடாரத் துணி. அந்தக் குவியலிலிருந்துதான் என் தம்பிக்கு ஒரு தூங்கும் பையைத் தேர்ந்தெடுத்தேன். அவன் செத்ததற்கு அந்தப் பை காரணம். பையைவிட நான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

தம்பிக்கு நில அளவை வேலை. இமயமலைப் பக்கம் போகும் குழுவில் அவன் பெயரைப் போட்டுவிட்டார்கள். பங்குனியில் மலை ஏறினால் ஐப்பசி கடைசியில்தான் இறக்கம். வசந்தம், கோடை, மழை மூன்றையும் கூடாரத்திலேயே கழிக்க வேண்டும். கோவேறு கழுதை ஏறாத இடங்களில் அவரவர் சாமானை அவரவரே முதுகில் சுமக்க வேண்டும். மேலதிகாரிகள் கொடுத்தது ஒரே ஒரு கம்பளி. அது எங்கள் மந்தைவெளியில் மார்கழிக் குளிருக்கே காணாது. இவனோ சின்ன வயதில் நெஞ்சில் நீர் கோத்துப் பிழைத்தவன். அது தெரிந்தும் அவனைப் போட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. மலை பார்க்கிற ஆசை.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருந்த பாய் இரண்டு பைகளை எடுத்துப் போட்டார். ஒன்று இலவம்பஞ்சு அடைத்தது. தலையணை மூட்டை மாதிரி கனம். இன்னொன்றைச் சுருட்டினால் ஒரு பூசணிக்காய் அளவுதான் வந்தது.

"கையை வெச்சி அமுக்கு அய்ரே," என்றார்.

அமுக்கினேன். கையை எடுத்ததும் துணி மெல்ல எழும்பி ஒரு சாண் உயரத்துக்கு உப்பியது.

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"வாத்து. நெஞ்சுல கீற பொடி ரோமம். காம்பு கெடையாது, குத்தாது. பாரு, தடவிப் பாரு."

தம்பி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பாய் சிரித்தார்.

"நீ இன்னா அத்த துன்னவா போறே? போத்திக்கத்தானே போறே!"

நான் விடாமல் சோதித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தப் பொடி ரோமம், தூவி, எங்காவது ஒதுங்கி வெறும் துணியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்துத் தைத்திருந்தால் தையல் வழியாகக் குளிர் ஏறும். இதில் நடுவே தடுப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. தம்பியை உள்ளே படுக்கச் சொன்னேன். தோளில் இடிக்கவில்லை, காலடியில் வீணாக இடமும் இல்லை. தலைக்குக் குல்லாய் இருந்தது. கடை வாசலில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், "சாமி, பொணத்தக் கட்டிக்கினு போற மாதிரி கீது," என்றான். தம்பியும் சிரித்தான். பங்குனி வெயிலில் இரண்டு நிமிஷத்தில் அவன் முகம் முழுக்க வேர்த்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குத் திருப்தி.

"அண்ணா, அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"இலவம்பஞ்சுன்னு சொல்லிடலாம்."

"பொய்யா?"

"கனமான மூட்டையைத் தூக்கிண்டு இந்த நெஞ்சோட மலை ஏறப் போறியா?"

பாய் கயிறு கட்டிக் கொடுக்கும்போது சொன்னார்: "ஒண்ணு கேட்டுக்கோ. தண்ணிய மட்டும் காட்டாதே. நனைஞ்சா கட்டி கட்டியா பூடும். அப்பால எட்டு நாளு நெழல்ல போட்டு, ஒதறி ஒதறி எடுத்தாத்தான் சரியாவும்."

தம்பி ரயில் ஏற மூன்று நாள் இருந்தது.

அப்பா போன பிறகு எங்கள் அம்மா நார்மடிப் புடவை கட்டி, ஆசாரம் பார்த்து, தானே தண்ணீர் இறைத்து, தானே பொங்கிச் சாப்பிடுகிறவள். கடையில் வாங்கிய புதுத் துணியைக்கூட நனைக்காமல் உள்ளே விடமாட்டாள். பையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே கையை நீட்டி மறித்தாள்.

"என்னதுடா அது?"

"தூங்கற பைம்மா. இலவம்பஞ்சு."

"எவன் எவன் படுத்துண்டு கிடந்தானோ! எவன் அதுலேயே பிராணனை விட்டானோ! நனைச்சு உலர்த்தாம ஆத்துக்குள்ள வரப்படாது."

"நனைச்சா கெட்டுப் போயிடும்மா."

"இலவம்பஞ்சு வெயில்ல காய்ஞ்சா என்ன கெட்டுப் போறது? நான் பார்க்காத பஞ்சா?"

பதில் சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். செத்த வாத்தின் ரோமம் என்று தெரிந்தால் பையைத் தெருவில் எறிவாள், எங்கள் இரண்டு பேரையும் பிராயச்சித்தம் பண்ணச் சொல்லி உயிரை எடுப்பாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

கிணற்றடித் தொட்டியில் அவளே ஊறப்போட்டாள். ஈரமானதும் அதிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. கோழிக்கூண்டு பக்கம் போனால் அடிக்குமே, அந்த நாற்றம். அம்மாவுக்கு என்ன தெரியும்? "பட்டாளத்தான் வேர்வை," என்று முகத்தைச் சுளித்து, சோடா உப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மறுபடியும் கும்மினாள். கல்லில் அடித்துப் பிழிந்தாள். ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்று சொல்வதும் பொய்.

இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காய்ந்தது. மேல்துணி மொறுமொறுவென்று ஆனது. உள்ளே தூவி எல்லாம் எலுமிச்சை அளவுக் கட்டிகளாக உருண்டு, தடுப்புத் துணி அறைகளின் மூலையில் ஒதுங்கிவிட்டது. நடுவில் இரண்டு துணிதான். தட்டினேன், உதறினேன். அமுக்கிக் கையை எடுத்தால் எழும்பவில்லை.

மறுபடியும் மாம்பலம் போய் அந்தப் பஞ்சுப் பையை வாங்கி வந்திருக்கலாம். அரை மணி நேர வேலை. எதற்கு இரண்டாவது பை என்று அம்மா கேட்பாள், பொய் வெளியே வரும். அதற்குப் பயந்து போகவில்லை. நாற்பது வயதை நெருங்கிய ஆண்பிள்ளை, அம்மாவுக்குப் பயந்தேன்.

"சரியா இருக்காண்ணா?" என்று ரயிலடியில் தம்பி கேட்டான்.

"இருக்கு. படுக்கப் படுக்க உப்பிடும்," என்றேன்.

மாதம் ஒரு கார்டு வந்தது. மலை அழகு, சாப்பாடு பரவாயில்லை, குளிர் தாங்குகிறது. அம்மா ஒவ்வொன்றையும் வந்தவர் போனவருக்கெல்லாம் படித்துக் காட்டினாள். ஐப்பசிக்கு முன்பே ஆள் திரும்பி வந்தான். சென்ட்ரலில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அவன் இருமியதில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நுரையீரலைப் பற்றி ஏதோ சொன்னார். பையை வாங்கிய எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் உண்மையைச் சொன்னேன். கெட்டுப்போனது தெரிந்தேதான் கொடுத்தேன் என்று.

"முதல் நாளே தெரிஞ்சுடுத்து," என்றான். "கட்டியெல்லாம் பிரிச்சுப் பார்க்கலாம்னு தையலை அறுத்தேன். காத்துல பறந்து போயிடுத்து பாதி. அப்புறம் புல்லைத் திணிச்சுண்டேன்."

"எழுதியிருக்கக் கூடாதாடா?"

"எழுதினா அம்மாதானே படிப்பா."

எட்டு நாள் கழித்துப் போய்விட்டான்.

பதின்மூன்றாம் நாள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். என் மனசைக் கழுவிக்கொள்வதற்காக அல்ல. அவளையும் இதில் இழுத்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில் சொன்னேன். நீ அடித்துத் துவைத்தது வாத்து ரோமம், அதை நனைக்கக் கூடாது, நனைத்ததால்தான் போனான் என்றேன்.

"வாத்தா?" என்றாள். எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தலையில் ஒரு குடம் கொட்டிக்கொண்டாள். எனக்கு அப்படியே அவளைக் கிணற்றில் தள்ளிவிடலாம் போல இருந்தது. பிள்ளை போன காரணத்தைச் சொன்னால் இவள் வாத்துத் தீட்டுக் கழிக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் குடத்தைக் கீழே வைக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது என்று இறைத்துக்கொண்டே இருந்தாள். உடம்பு நடுங்கியது. நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"என்கிட்ட ஏண்டா அப்பவே சொல்லலை?"

"சொல்லியிருந்தா தூக்கி எறிஞ்சிருப்பே."

"எறிஞ்சிருப்பேன்," என்றாள். பல் கிட்டியது. "போர்த்திக்க ஒண்ணும் இல்லேன்னு அவனையும் அனுப்பியிருக்க மாட்டேன்."

ஈரத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். துண்டை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொள்ளவில்லை.