திரும்ப ஒரு டெஸ்ட்

ஒரகடம் கம்பெனியில் பாகங்களைச் சோதிப்பது என் வேலை. முதல் சோதனையில் தேறாமல், மறுபடி சோதிக்க ரீடெஸ்ட் தட்டுக்குப் போவதையெல்லாம் அப்போதே குப்பை என்று முடிவு கட்டிவிடுவேன்.

மூன்று மாதமாகியும் கைக்குழந்தையான மகளுக்குச் சளி விடவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயாக இருக்குமோ என்று ஆஸ்பத்திரியில் அவள் வியர்வையை எடுத்து, உப்பு அதிகமா என்று பார்த்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன்: “திரும்ப ஒரு டெஸ்ட் எடுக்கணும், வாங்க.” கம்பெனி பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

அங்கே வியர்வை எடுக்கும் அக்கா சிரித்தார். “இன்னாத்துக்குமா அழுவுற? பாப்பாவுக்கு வேர்வ பத்தல, அவ்ளோதான். ஃபேன ஆஃப் பண்றேன், பாப்பாவ மடில வெச்சி நல்லா போத்திக்கினு உக்காரு.”

இருவரும் வியர்வையில் தெப்பலாக நனைந்தோம். நோய் இல்லை என்று ரிசல்ட் வந்தது.

இப்போது மகள் வீடு முழுக்கத் தவழ்கிறாள். லைனில் யாராவது ரீடெஸ்ட் தட்டைக் குப்பை என்றால், எனக்குத்தான் முதலில் கோபம் வருகிறது.