ஆன்லைன் கடைக்கு முதல் போணி

நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் லாரித் தார்ப்பாய் விற்றே தலை நரைத்தவர் பூபதி. விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாராவது ஒரு டிரைவர் பீடியும் கையுமாக நிற்பான். அவன் நீட்டும் பணத்தைக் கண்ணில் ஒற்றாமல் பூபதிக்கு டீகூட இறங்காது. ஊருக்கெல்லாம் கடன் கொடுத்த மனுஷன், போணியை மட்டும் கடனுக்கு விட்டதில்லை. வந்த போணியைத் திருப்பி அனுப்பியதுமில்லை.

ரோட்டை அகலப்படுத்தினார்கள், கடை போய்விட்டது. சரக்கை வீட்டு முன்னறையில் அடுக்கி, மகள் கலைமணி ஆன்லைன் கடை ஆரம்பித்தாள். கார்டில் வாங்கினால் கமிஷன் அதிகம் என்று, வாங்குகிறவர் பேங்க் கணக்கிலிருந்தே நேராகப் பணம் எடுக்கிற வசதியை வைத்தாள்.

முதல் ஆர்டர் பரமத்தி வேலூர் மருதாசலம் போட்டது. வெல்ல மூட்டை லோடு; மறுநாள் மதியம் வண்டி கிளம்புகிறது; வானமோ இருட்டிக்கொண்டு நிற்கிறது. பணம் எடுத்துக்கொள்ள அவர் சம்மதம் கொடுத்துவிட்டார். ஆனால் அது வந்து சேர இரண்டு மூன்று நாளாகும், கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் வராமலும் போகும், அதனால் பொறுத்து அனுப்பலாம் என்றாள் கலைமணி.

பொறுத்தால் வெல்லம் நனையும், போணியும் போகும். அனுப்பினால் போணியே கடன். பழைய கடையாக இருந்தால் இந்த ரோதனை உண்டா என்று முனகிக்கொண்டே கிடந்தார் பூபதி. காலையில் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கண்டக்டர் திட்டிக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தான்.

லாரிப் பக்கத்தில் நின்ற மருதாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"பணந்தான் பேங்க்ல எடுத்துக்கறீங்களே, அப்புறம் என்னத்துக்குங்க வந்தீங்க?"

"அது வர்றப்ப வரட்டுங்க. இப்பக் கையில ஒரு பத்து ரூவா குடுங்க. போணி."

"ஆன்லைன் கடைக்குமா போணி?"

"கடைன்னா கடைதானுங்க."

மருதாசலம் சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார். பூபதி கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, யாரும் கேட்காமலே லோடு மேல் ஏறினார். புதுத் தார்ப்பாய் வாசம், டீசல் நெடி, கீழேயிருந்து கயிற்றை இழுப்பவனை அதட்டுகிற தன் குரல். எத்தனை காலமாயிற்று. இறங்கும்போது இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. முகத்தில் மட்டும் பழைய கடைக்காரன் உட்கார்ந்திருந்தான்.

வண்டி பாலம் ஏறிக் கரூர்ப் பக்கம் போனது. பூபதி டீக்கடையில் டீயை உறிஞ்சுகையில் கலைமணி போனில் கூப்பிட்டாள். சூரமங்கலத்திலிருந்து ஒரு ஆர்டராம், அதுவும் பேங்க் கணக்கிலிருந்துதானாம், அதையும் தூக்கிக்கொண்டு போவாரா என்று கேட்டாள்.

"அது பணம் வந்தப்புறம் அனுப்பு சாமி," என்றார் பூபதி. "போணி ஆயிப்போச்சு."