மதினி வீசிய தொங்கு செடி

எனக்கு எறும்பென்றால் பயமில்லை, அருவருப்பு. அதுவும் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் செடிச் சட்டியில் கூடு கட்டி, கொடிகளைப் பிடித்துச் சாரை சாரையாக இறங்கி வரும் எறும்பென்றால், சோற்றுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம் போலிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் என் கணவரின் மூத்த சகோதரி இருக்கிறார். எனக்கு மதினி. அவர் வீட்டில் அந்த எறும்புகளை யாரும் தட்டிவிடக்கூடக் கூடாது. எறும்பு சேர்ந்த வீட்டில் பரக்கத் சேரும், செல்வம் பெருகும் என்பது அவருடைய நம்பிக்கை. வந்தவர்கள் செடியைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லாவிட்டால், கண்ணூறு பட்டுவிட்டதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நான் சொல்வேன். சொல்லிவிட்டு என் பீங்கானில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அந்தச் செடியை அவர் மணி பிளான்ட் என்றார். சட்டியிலிருந்து எது தொங்கினாலும் எங்கள் ஆட்களுக்கு அது மணி பிளான்ட்தான். நான் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறவள். இது வேறேதோ என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். படித்தவர்களுக்கு எதைக் கண்டாலும் குறைதான் என்று குடும்பம் முழுக்கப் பேச்சு வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல் சாப்பாடு. நாங்கள் சமையலறையில் நின்ற நேரத்தில் என் மகள் கதிரையில் ஏறி, அங்கிருந்து மேசையில் ஏறிவிட்டாள். அவளுக்கு அப்போது இரண்டு வயதும் ஆகவில்லை. வீறிட்ட சத்தத்தில் ஓடி வந்தேன். கையில் பழம் நசுங்கிய ஒரு கொடி, வாயைச் சுற்றிச் சிவந்த சாறு, உதட்டில் எறும்பு முட்டை மாதிரி ஏதோ கொழகொழவென்று ஒட்டியிருந்தது. நாக்கின் மேலும் எறும்பு ஓடியது. விரலை விட்டு வழித்தெடுத்தேன். என் கையிலேயே வாந்தியெடுத்தாள். மதினி முதலில் சொன்னது, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பது.

ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டர் என்ன செடி என்று கேட்டார். மணி பிளான்ட் என்று என் கணவர் சொன்னார். வீட்டில் வளரும் மணி பிளான்ட் காய்க்காதே, பழம் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். மகளின் உதடு வீங்கிக்கொண்டே வந்தது. எறும்புக் கடியாகவும் இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம், செடி தெரிந்தால்தான் அடுத்ததை யோசிக்க முடியும் என்றார். இலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, பூவும் காயும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் திரும்பி ஓடினேன்.

மேசைக்கு மேலே சட்டியைக் காணவில்லை. மேசை துடைக்கப்பட்டிருந்தது. டெட்டோல் மணத்தது.

"அத நான் வீசிட்டன். பழசாகிப் போச்சு தானே," என்றார் மதினி. என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "நாளைக்கு ஊரெல்லாம் என்ட வீட்டுச் சாமானத் திண்டுதான் புள்ளைக்கு இப்பிடி ஆனதுண்டு கதைப்பாங்க."

அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. அருவருப்பு. என் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, இந்த மனுஷி பேர் கெடாமலிருக்க வீடு கழுவியிருக்கிறார்.

மதினி வீட்டுச் சின்னத் தெருவின், அந்த ஒழுங்கையின், அடியில்தான் எல்லா வீட்டுக் குப்பையும் சேரும். மாநகரசபை டிராக்டர் திங்கட்கிழமைதான் வரும். சல்வாரின் கையைச் சுருட்டிக்கொண்டு குந்தினேன். முதல் பையைக் கிழித்தபோது மீன் குடல் விரலில் சுற்றியது. அடுத்ததில் கோழித்தோல், புளித்த சோறு, யாருடைய பிள்ளையினதோ பாம்பர்ஸ். வெயிலில் எல்லாம் வெந்து, புழு நெளிந்துகொண்டிருந்தது. எனக்கு வாய்க்குள் உமிழ்நீர் ஊறி ஊறி வந்தது. துப்பித் துப்பித் தேடினேன். மதினி வாசல் படலையருகில் தலையில் போட்ட சோலால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எந்தப் பை என்றுகூடக் காட்டவில்லை.

கடைசியில் கிடைத்தது. சின்னச் சின்னதாகத் தடித்த இலைகள், சோடி சோடியாக. திருப்பிப் பார்த்தால் அடியில் ஊசியால் குத்திய மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். கசங்கிய வெள்ளைப் பூ ஒன்று, குழல் வடிவில், தொண்டையில் மஞ்சள். நசுங்கிய ஒரு செம்பழம். அதன் சதைக்குள் அந்த எறும்பு முட்டைகள். நகத்தால் கீறிப் பார்த்தேன். முட்டை இல்லை, விதை. குப்பைக்குள்ளும் எறும்புகள் அவற்றைக் கவ்விக்கொண்டு போயின.

மீன் நாற்றம் பிடித்த கையாலேயே படமெடுத்து, பேராதனையில் செடிகளை ஆராயும் என் வகுப்புத் தோழிக்கு அனுப்பினேன். கொடித் துண்டைப் பொலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன் அவள் அழைத்துவிட்டாள். கொடனாந்தே என்றாள். தென்னமெரிக்கக் காடுகளில் எறும்புக் கூட்டின் மேல் வளருமாம். தன் முட்டையென்று நம்பித்தான் எறும்பு அந்த விதையைக் கூட்டுக்குக் கொண்டுபோகுமாம். இலையின் சிவப்புப் புள்ளியும் பூவும் விதையும் ஒன்றாக இருப்பதால் சந்தேகமே இல்லை, இந்தச் செடிக் குடும்பத்தில் விஷமென்று எதுவும் கேள்விப்பட்டதில்லை என்றாள். போனை டாக்டரிடமே கொடுத்தேன். கேட்டுவிட்டு, அப்படியானால் எறும்புக் கடிதான் என்று மருந்தெழுதினார். பின்னேரம் வரை வைத்திருந்து பார்த்தார். வீக்கம் வற்றியது. மகள் பிஸ்கட் கேட்டாள். நான் குளியலறைக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி அழுதேன்.

பிள்ளையின் உடுப்புப் பை மதினி வீட்டில் கிடந்ததால் போகும் வழியில் இறங்க வேண்டியிருந்தது. விஷமில்லை என்ற செய்தியைக் கணவர் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். மதினி படலையைத் திறந்தார். மகள் என் தோளில் அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

"அப்ப சும்மாதான் வீசியிருக்கன். அந்தத் துண்டு கையில ஈக்கா? தாங்க, நட்டுப் பாக்கலாம்."

"அது குப்பையில கிடந்தது மதினி. நாறுது."

"கழுவினாச் சரி தானே."

பொலித்தீன் பையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, கொடி முறிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.