சொன்னவங்கதான் அழிக்கணும்

ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க. காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

அக்காவுக்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை, வீடு எங்கள் பொழிச்சலூரில். எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது... வேலை இல்லை, கோபம் மட்டும் நிறைய.

ஊருக்கு ஒரே ஒரு குடிநீர்க் குழாய்தான் என்றது பஞ்சாயத்து. எங்கே போடுவது என்று எல்லோரும் ஒத்துப்போய் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் அடுத்த ஊருக்கு.

ஞாயிறு மதியம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். அக்கா சர்ச்சிலிருந்து நேராக வந்து சாக்பீஸை எடுத்தார். யார் எது சொன்னாலும் போர்டில் எழுதுவார். ஒரே சட்டம்... சொன்னவர்தான் அதை அழிக்கலாம்.

நிலக்காரர் கோவிந்தசாமி, "கோயிலாண்ட போடு" என்றார்.

காலனியிலிருந்து வந்த பொன்னம்மா கதவருகே நின்றபடியே, "அங்க வந்தா எங்களை ஓரமா நிக்க வெப்பீங்க. எங்க கொடம் கடைசியாத்தான் ரொம்பும்" என்றார்.

இரண்டையும் எழுதினார் அக்கா. ஒரு எழுத்து மாறாமல்.

"இதெல்லாம் இன்னாத்துக்கும்மா? அழி." பொன்னம்மாவின் வரியைக் காட்டினார் கோவிந்தசாமி.

"அவங்க சொன்னது சார். அவங்களையே கேளுங்க." டஸ்டரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்த ஆள் பொன்னம்மாவிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார். "இன்னா பண்ணா அழிப்பே?"

"எங்க தெரு முனையில போடுங்க. மொதல்ல வந்தவங்க மொதல்ல புடிக்கட்டும்."

பின்னாலிருந்து கோவிந்தசாமியின் மனைவி: "தண்ணி தூக்கறது நீயா, நானா? முனைதான் எனக்குக் கிட்ட."

கூட்டமே சிரித்தது. கோவிந்தசாமி தன் வரியை அழித்தார். 'வந்த வரிசையில் தண்ணீர்' என்று அக்கா எழுதிய பிறகுதான் பொன்னம்மா தன்னுடையதை அழித்தார்.

மிச்சம், தொடக்கத்திலேயே நான் சொல்லி அக்கா எழுதியிருந்த என் வரி. 'ரெண்டு குழாய் வேணும். ஒண்ணுக்கு ஒத்துக்காதீங்க.'

"அழிடா, பேஜார் பண்ணாதே!" நாலு பக்கமும் சத்தம்.

அக்கா மட்டும் கேட்டார். "முனையில போட்டா தடுப்பியா?"

"தடுக்க மாட்டேன். ஆனா இது நியாயம்னு சொல்ல மாட்டேன்."

"அது போதும்டா."

மறுநாள் மனுவை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்தார். கடைசியில் ஒரு வரி... 'இரண்டு குழாய் வேண்டும் என்பது ஒருவர் கருத்து. இந்த இடத்துக்கு அவர் தடை சொல்லவில்லை.' நானும் கையெழுத்துப் போட்டேன்.

முனையில் குழாய் வந்தது. பொன்னம்மா முதல் ஆளாக நின்று பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது குழாய்க்கு எவனும் பதில் சொல்லவில்லை. பொன்னம்மாவின் தெருவில் இன்றைக்கும் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறார்கள்.

என் வரியை நான் இன்னும் அழிக்கவில்லை அக்கா.

போயிட்டு வாங்க.