பெரட்டுக்கு வந்த ஆவி

தெரேசா செத்துப்போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தின் பழைய பெண்கள் விடுதியில் யாரைக் கேட்டாலும், பேர் தெரியாவிட்டாலும் அடித்துச் சொல்வார்கள். தெரேசாவுக்குத்தான் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அவள் பாட்டுக்கு நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதும், பால் கரைப்பதும், மூக்குத் துடைப்பதும்தான் வேலை.

வயதான பல்கலைக்கழகம் என்றால் கதை இல்லாமல் இருக்காது. வேலைநிறுத்தக் காலத்தில் காலி மண்டபத்துக்கு முன்னால் நின்று முழுப் பாடத்தையும் நடத்தி முடித்து, கடைசியில் "கேள்வி உண்டா?" என்று கேட்ட பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தாராம். பட்டமளிப்பு விழாவில் பிரதம விருந்தினரின் உரையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிய குரங்கும் உண்டாம். படித்தவர்கள் கூடுகிற இடத்தில் கதை கட்ட ஆளுக்கா பஞ்சம்? ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மூலை அறைக்காரியின் கதைதான். ஒருவனை நம்பி மோசம்போன பெண், விடியுமுன் பாலத்துக்குப் போனாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். ஆற்றில் குதித்தாள். உடம்பு கிடைக்கவில்லை. இன்றைக்கும் விடிகிற நேரத்தில் அந்த அறையிலிருந்து "புரட்டு, புரட்டு" என்று ஒரு குரல் வரும். ஏமாற்றியவனைத்தான் சொல்கிறாள் என்பது விடுதியின் தீர்ப்பு.

இந்தக் கதையைத் தெரேசாவிடம் கொண்டுவந்து சேர்த்தவள் அவளுடைய மகள் றொசானா. போன வருஷம்தான் அதே பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை உருட்டி உருட்டிச் சொன்னாள். தெரேசா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு ரெண்டும் ஒழுங்கா சேத்து வச்சிருந்துச்சாம்மா. கோயில் வாசல்ல வைப்போமே, அந்த மாதிரி."

"என்ன செருப்பு?"

"ஏம்மா, ஒருத்தி செத்துப் போயிருக்கா, நீங்க செருப்பக் கேக்குறீங்க."

நீல வார்ச் செருப்பு என்று தெரேசாவின் வாய்வரை வந்தது. தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்தாள்.

"அந்தப் புள்ள பேரு என்னவாம்?"

"யாருக்கும் தெரியல. நாங்க இத நாடகமா போடுறோம். அதுல மாலினின்னு பேரு வச்சிருக்கோம். நான்தாம்மா மாலினி. நீங்க கட்டாயம் வரணும்."

தெரேசா கொஞ்சம் காத்திருந்தாள். திடுக்கென்று இருக்கும், கோபம் வரும், குறைந்தது சிரிப்பாவது வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பனிக்காலத்துக் காலையில் கொழுந்தெடுத்தால் விரல் மரத்துப்போய், முள் குத்தினாலும் தெரியாது. அவளுக்கு உள்ளே அப்படித்தான் இருந்தது. "வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்தாள்.

தெரேசா பல்கலைக்கழகம் போனது றொசானாவுக்குத் தெரியாது. "அம்மாவுக்கு கேம்பஸ் கெடைச்சிச்சு, போகல" என்பதுதான் வீட்டில் வழங்குகிற கதை. போய், ஒரு தவணை முடியுமுன் வந்துவிட்டாள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். போகவில்லை என்றால் "ஐயோ பாவம்" என்பதோடு முடிந்துவிடும். கலியாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது ஐயோ பாவத்தையே தெரேசா கையோடு கொண்டுவந்தாள்.

மூலை அறையில் அவளோடு இருந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். நல்லவள், ஆனால் தூக்கம் கெட்டால் பொல்லாதவள். "என்னடி, விடியக்காலமை புரட்டு புரட்டெண்டு கத்துறாய்? ஆர் உன்னை ஏமாத்தினது?" என்று ஒருநாள் கேட்டாள். தெரேசா தூக்கத்தில் சொன்னது பெரட்டு. விடிந்ததும் தோட்டத்து ஆட்களை மைதானத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து வேலைக்கு அனுப்புவதற்குப் பெயர்தான் பெரட்டு. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் எழும்பியவள். ஆற்றங்கரைக்குப் போனாலும் வாய்க்குப் பழக்கம் விடுமா? "பெரட்டுக்கு நேரமாச்சும்மா" என்று தூக்கத்தில் தாயை எழுப்பிக்கொண்டிருந்தாள். அதை அந்தப் பெண்ணிடம் விளக்கியிருக்கலாம். விளக்கினால், தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்பதும் வெளியே வருமே என்று கூச்சம். "சும்மா, கனவு" என்றாள். அந்தக் கூச்சத்தில் ஒரு ஆவி பிறந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் விடுதி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. தாய் சவரியம்மாவைக் கொழுந்து மலையில் குளவி கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. முதல் பஸ்ஸைப் பிடிக்க தெரேசா விடியுமுன் ஓடினாள். பாலத்தின் நடுவில் ஒரு செருப்பின் வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டுவதைவிட வெறுங்கால் மேல். இரண்டையும் கழற்றினாள். தூக்கி எறிந்திருந்தால் ஒரு கதையும் இல்லை. ஆனால் வாசலில் செருப்பைச் சேர்த்து வைக்காவிட்டால் சவரியம்மா கையை ஓங்குவாள். கை தன்னால் சேர்த்து வைத்தது. விடுதிப் பொறுப்பாளருக்கு அவள் ஊருக்குப் போனது தெரியும். கதைக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டு நாளில் அவள் பெரட்டுக் களத்தில் நின்றாள். அப்பா சீக்காளி, தம்பி பள்ளிக்கூடம் போகிறவன். வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்குத் தோட்டம் தந்த குடியிருப்புக் காம்பராவை விட்டுவைக்க மாட்டார்கள். கணக்குப்பிள்ளை பழக்கத்தில் "சவரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டார். களம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இருக்கேங்க" என்று தெரேசாதான் பதில் சொன்னாள். யாரும் திருத்தவில்லை. அன்றைக்கு அழுதிருக்க வேண்டும். கூடை கனத்தது, மழை பெய்தது, அப்படியே விட்டுப்போனது.

தன்னைச் செத்தவள் ஆக்கியதில் அவளுக்கு வருத்தமில்லை. கதைக்குள் ஒரு ஆம்பிளையைக் கொண்டுவந்து வைத்ததுதான் கல்லாக உறுத்தியது. அவன் உட்கார்ந்திருக்கிற இடம் சவரியம்மாவின் இடம். செத்தது அவள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எவனோ ஒருவனுக்காக நாடகம் போடுகிறார்கள். மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாடகத்துக்குப் போகும்வரை நினைத்தாள். சொன்னால், ஆவி வேஷம் கட்டுகிற பிள்ளையின் சந்தோஷத்தில் மண் விழும். சொல்லாவிட்டால் சவரியம்மா இன்னும் ஒருமுறை செத்துப்போவாள். முடிவு எடுக்கத் தெரியாமலே சேலையை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

பகல் நேர நாடகம். மண்டபம் நிறைந்திருந்தது. றொசானா வெள்ளைத் துணியும் விரித்த தலையுமாக வந்து, மேடையின் ஓரத்தில் செருப்பைச் சேர்த்து வைத்தாள். சிவப்புச் செருப்பு. "புரட்டு! உன் காதல் புரட்டு!" என்று அவள் கதறியபோது பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "பாவங்க, எந்தத் தாய் பெத்த புள்ளையோ" என்று தெரேசாவின் கையைப் பிடித்தாள். "ஆமாங்க" என்றாள் தெரேசா. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவளும் தட்டினாள். உள்ளங்கை சிவந்தது, வலி தெரியவில்லை.

நாடகம் முடிந்ததும் மகளும் அவளோடு வீட்டுக்குப் புறப்பட்டாள். அடுத்த கிழமை மறுபடியும் மேடையேற்றப் போகிறார்கள் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள். தெரேசா ம் கொட்டிக்கொண்டிருந்தவள், கினிகத்தேனை வளைவுகளில் கண் அயர்ந்துவிட்டாள். தலை மகளின் தோளில் சாய்ந்தது.

"பெரட்டு" என்றாள் தூக்கத்தில். "பெரட்டுக்கு நேரமாச்சும்மா. எந்திரிங்க."

விழித்தபோது றொசானா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க கேம்பஸ் போகலதானே?"

தெரேசா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"செருப்பு என்ன நெறம்?" என்று மகள் கேட்டாள்.

"நீலம். ஒத்த வாரு அறுந்துருச்சு."

றொசானாவின் கண் நிறைந்துவிட்டது. "அவன்... அந்தாளு யாரும்மா?"

"ஒரு ஆளும் இல்ல புள்ள. ஆத்துல யாரும் விழல. எங்கம்மாவக் குளவி கொட்டிருச்சு. அவ்வளவுதான்."

"ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கல."

 ஹட்டன் வரைக்கும் றொசானா தாயின் கையை விடவில்லை.

அடுத்த கிழமை, பிள்ளைக்காம்பராவில் ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது தெரேசாவின் போன் அடித்தது. இரண்டாவது தடவை நாடகம் முடிந்த கையோடு றொசானா கூப்பிட்டிருந்தாள்.

"மாத்திட்டேம்மா. எல்லாத்தையும் மாத்திட்டோம். காதலன் இல்ல. குளவி வச்சோம். அம்மாச்சி பேர அப்பிடியே சொன்னோம்."

"அப்பிடியா?"

"நான் பெரட்டுன்னு கூப்பிட்டதும் முன்னுக்கு இருந்தவங்க பாதிப் பேரு சிரிச்சிட்டாங்க. வெளங்கல அவங்களுக்கு."

"சிரிக்கட்டும். அவங்களுக்கு எப்பிடி வெளங்கும்?"

"அதில்லம்மா, கேளுங்க. பின்னுக்கு நம்ம தோட்டப் பக்கத்துப் புள்ளைங்க நெறைய இருந்துச்சுங்க. அதுங்க சிரிக்கல. நான் சவரியம்மான்னு பேரு கூப்பிட்டேன். கூப்பிட்டா நாடகத்துல யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, அதுதான் முடிவு. ஆனா பின்னுக்கு இருந்து ஒரு புள்ள எந்திரிச்சு 'இருக்கேங்க'ன்னு சொல்லிருச்சும்மா. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் அந்த வரிசை முழுக்க."

தெரேசாவின் தோளில் கிடந்த குழந்தை கண்ணை விழித்து, அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தது. அதன் கை நனைந்தது.

"அம்மா? அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் தெரேசா.